ட்யூப்லைட்டை அணையுங்கள், தட்டை ஜன்னலுக்கு நகர்த்துங்கள்: வீட்டுச் சமையலைப் போனில் படம் எடுக்க

அம்மாவின் சமையல் குறிப்புகளை ஒரு நோட்டில் எழுதி வைக்கத் தொடங்கியபோது, ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் ஒரு படம் ஒட்டினால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. முதலில் எடுத்தது சுண்டைக்காய் வத்தக்குழம்பு. ராத்திரி எட்டு மணி, சமையலறையில் ட்யூப்லைட், அடுப்புக்கு மேலே ஒரு மஞ்சள் பல்பு. வீடே மணக்கிறது, படத்திலோ கிண்ணத்தில் சேற்றுத் தண்ணீர் நிற்பதுபோல் இருந்தது. அம்மா போனை வாங்கிப் பார்த்துவிட்டு, “நான் வச்ச குழம்பா இது?” என்று கேட்டார்.

மறுநாள் காலையில் மிச்சமிருந்த குழம்பைச் சுடவைத்து, பின்வாசல் கதவைத் திறந்து, நிலைப்படிக்கு உள்ளே தரையில் வைத்து எடுத்தேன். அதே போன், அதே கிண்ணம். மேலே மிதந்த நல்லெண்ணெய் பளபளத்தது, சுண்டைக்காய் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது, கிண்ணத்தின் ஓரத்தில் குழம்பின் செம்பழுப்பு அப்படியே வந்தது. மாறியது வெளிச்சம் மட்டும்தான்.

அதிலிருந்து எடுத்துப் பழகியதில் எனக்குப் பிடிபட்டது இரண்டு விஷயம். சாப்பாட்டுப் படத்தில் பாதி வேலை வெளிச்சம். மீதிப் பாதி, அந்தப் பண்டம் எத்தனை நிமிஷம் நன்றாக இருக்கும் என்று தெரிந்து அதற்குள் எடுத்து முடிப்பது. போன் எந்த மாடல் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை கேக்குக்கும் சாலட்டுக்கும் எழுதியவை. நம் தட்டில் இருப்பதோ குழம்பு, சோறு, வெள்ளை இட்லி, மஞ்சள் கூட்டு. இவற்றுக்கு வேறு கவனம் வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்காக அதை எழுதுகிறேன்.

முதலில் ஜன்னலைத் தேடுங்கள்

ஒரு வெள்ளைத் தட்டில் ஒரு தக்காளியை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, பதினொரு மணிக்கு ஒரு தடவை, மாலை நாலரைக்கு ஒரு தடவை. ஒவ்வொரு ஜன்னலிலும் வாசலிலும் தக்காளியின் நிழலைப் பாருங்கள். நிழலின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் இருந்தால் நேர்வெயில் விழுகிறது என்று அர்த்தம். அங்கே எடுத்தால் தட்டு வெளுத்துப் போகும், நிழல் கருத்துப் போகும். நிழல் இருக்கிறது, ஆனால் விளிம்பு கரைந்து போகிறது என்றால் அதுதான் உங்கள் இடம். எந்த ஜன்னல், எந்த நேரம் என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வடக்குப் பார்த்த ஜன்னலில் வெயில் நேராக விழாது, அதனால் அதுவே சிறந்தது என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்கள் சொல்வது. சென்னையில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சிவேளையில் சூரியன் நேர் தலைக்கு மேல் வருகிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் அது நமக்கு வடக்கே நிற்கிறது. அதனால் மே முதல் ஆகஸ்ட் நடுவரை வடக்கு ஜன்னலிலும் வெயில் எட்டிப் பார்க்கும். மற்ற மாதங்களில் வடக்கு ஜன்னலை நம்பலாம்.

நேர்வெயில் விழும் ஜன்னல்தான் இருக்கிறது என்றாலும் கவலை இல்லை. பழைய, மெலிந்த வெள்ளைப் பருத்தி வேட்டி ஒன்றை ஜன்னல் கம்பியில் ஒற்றை மடிப்பாகக் கட்டித் தொங்கவிடுங்கள். வெயில் வேட்டியில் பட்டு, வேட்டி முழுவதும் ஒரு பெரிய விளக்காகிவிடும். கடையில் விற்கும் டிஃப்யூசர் செய்வதும் இதே வேலைதான். கலர் திரைச்சீலை மட்டும் வேண்டாம், அதன் நிறம் சோற்றில் ஏறிவிடும். பக்கத்துச் சுவர் ரோஸ் அல்லது பச்சை பெயிண்ட் அடித்ததாக இருந்தாலும் இதே தொல்லை வரும். அப்போது தட்டைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

இடம் கிடைத்ததும் அறையில் எரியும் எல்லா விளக்கையும் அணையுங்கள். இது ரொம்ப முக்கியம். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். மஞ்சள் பல்பின் ஒளி 2700 அல்லது 3000 கெல்வின் அளவில் இருக்கும். ‘கூல் டேலைட்’ என்று எழுதிய எல்இடி ட்யூப் 6500 கெல்வின் வரை போகும். ஜன்னல் வெளிச்சம் இவை இரண்டிலும் சேராது. இவை கலந்தால் இட்லியின் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் வரும். ஒரு பக்கத்தைத் திருத்தினால் மறுபக்கம் கெடும். அறை கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தாலும் பரவாயில்லை, ஒரே வெளிச்சம் இருக்கட்டும். ஃபேனையும் அணைத்துவிடுங்கள். ஆவியைக் கலைப்பதும் தோசையை ஆற வைப்பதும் அதுதான்.

தட்டைக் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள்

ஜன்னல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு இது. தட்டு ஒரு கடிகாரம், நீங்கள் ஆறு மணி இருக்கும் இடத்தில் நிற்கிறீர்கள்.

ஜன்னல் ஒன்பது மணியிலோ மூன்று மணியிலோ இருந்தால் பக்கவாட்டு வெளிச்சம். மேடு பள்ளம் உள்ள எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். முறுக்கின் வரி, வடையின் மொறுமொறுப்பு, துணியில் ஊற்றிய இட்லியின் மேலே பதிந்திருக்கும் இழை எல்லாம் எழுந்து நிற்கும்.

பத்து, பதினொன்றுக்கோ ஒரு மணிக்கோ ஜன்னல் வந்தால் வெளிச்சம் சாய்வாகப் பின்னாலிருந்து வருகிறது. ஈரமும் எண்ணெயும் உள்ள பண்டத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. என் வத்தக்குழம்பைக் காப்பாற்றியது இதுதான். எண்ணெய் மேல் பட்டுத் தெறிக்கும் ஒளி கேமராவை நோக்கி வரும்போதுதான் குழம்புக்குப் பளபளப்பு வருகிறது.

நேர் பன்னிரண்டில் ஜன்னல் இருந்தால் ஆவி தெரியும், கண்ணாடி டம்ளரில் இருக்கும் ரசம் ஒளிரும். ஆனால் தட்டின் முன்பக்கம் இருண்டுவிடும். ஆறு மணி, அதாவது உங்கள் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் என்பதை விட்டுவிடுங்கள். உங்கள் நிழலே தட்டில் விழும், எல்லாம் சப்பையாகத் தெரியும்.

ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் நிழல் ரொம்பக் கனமாக இருந்தால் அந்தப் பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையையோ வெள்ளை சார்ட் பேப்பரையோ நிறுத்துங்கள். ஜன்னல் ஒளி அதில் பட்டுத் திரும்பி நிழலை இளக்கும். அட்டையைக் கிட்டே கொண்டுவந்தும் தள்ளி வைத்தும் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நிழலை முழுதாகக் கொல்ல வேண்டாம். கொஞ்சம் நிழல் இருந்தால்தான் வடை உருண்டையாகத் தெரியும்.

போனில் பார்க்க வேண்டியவை

லென்ஸைத் துடையுங்கள். சமையலறையில் புழங்கும் போனில் எண்ணெய்க் கைரேகை இல்லாமல் இருக்காது. படம் மங்கலாக, பனி மூடினதுபோல் வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். மெல்லிய பருத்தித் துணி போதும்.

கேமரா செட்டிங்கில் கட்டக் கோடுகளைப் போட்டுக்கொள்ளுங்கள். தட்டு சாய்ந்திருக்கிறதா என்று அது காட்டிக்கொடுக்கும். பல போன்களில் நேர் மேலிருந்து எடுக்கும்போது திரையின் நடுவே இரண்டு கூட்டல் குறிகள் வரும். அவை ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால் போன் மட்டமாக இருக்கிறது என்று அர்த்தம்.

அப்புறம், தட்டுக்கு ரொம்பக் கிட்டே போகாதீர்கள். போனின் முதன்மைக் கேமரா அகலமாகப் பார்க்கும் வகை. பக்கத்தில் போனால் முன்னால் இருக்கும் வடை பூசணிக்காய் மாதிரியும் பின்னால் இருப்பது சுண்டைக்காய் மாதிரியும் தெரியும். இரண்டடி பின்வாங்கி 2 மடங்கு ஜூமில் எடுங்கள். கிண்ணத்தின் வட்டம் வட்டமாகவே இருக்கும்.

வெளிச்ச அளவைக் கேமராவின் முடிவுக்கு விடக்கூடாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவருவதுதான் அதன் பழக்கம். வெள்ளைத் தட்டில் வெள்ளை இட்லி வைத்தால், “அடடா, வெளிச்சம் அதிகம்” என்று குறைத்துவிடும். இட்லி அழுக்காகத் தெரிவது அதனால்தான். கறுப்பு உளுந்தங்களியையோ மண்சட்டி மீன் குழம்பையோ காட்டினால் தலைகீழாக நடக்கும், தேவைக்கு மேல் வெளிச்சத்தைக் கூட்டி வெளிறடித்துவிடும். ஆகவே திரையில் பண்டத்தின் மேல் விரலை வைத்து இரண்டு விநாடி அழுத்துங்கள். ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளினால் வெளிச்சம் கூடும், கீழே இழுத்தால் குறையும். இட்லி, இடியாப்பம், தயிர்சாதத்துக்குக் கொஞ்சம் மேலே. களி, எள்ளுருண்டை, மீன் சட்டிக்குக் கொஞ்சம் கீழே. இந்த ஒன்றைப் பழகினாலே படங்கள் மாறிவிடும்.

ஃபிளாஷ் வேண்டாம். போர்ட்ரெய்ட் மோடும் வேண்டாம் என்பேன். அது டம்ளர் விளிம்பையும் கறிவேப்பிலை நுனியையும் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடுகிறது. பின்னணி மங்க வேண்டுமென்றால் தட்டுக்குப் பின்னால் இருக்கும் பொருள்களை இன்னும் நாலடி தள்ளி வையுங்கள். கை நடுங்கினால் பருப்பு டப்பாவில் போனைச் சாய்த்து வைத்து, மூன்று விநாடி டைமர் போடுங்கள்.

எங்கிருந்து பார்ப்பது

படம் எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி: இந்தப் பண்டத்தின் அழகு எங்கே இருக்கிறது? ஊத்தப்பத்துக்கு மேலே இருக்கிறது, வெங்காயமும் மிளகாயும் பதிந்திருக்கும் முகத்தில். அதை நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். பரோட்டாவுக்கு அடுக்கு அடுக்காக ஓரத்தில் இருக்கிறது. அதைத் தட்டின் மட்டத்துக்குக் குனிந்து எடுக்க வேண்டும். காபி டம்ளர், அடுக்கி வைத்த போளி, இடியாப்பம் எல்லாம் இந்த வகை. சோறு, பொங்கல், பிரியாணி, கூட்டு போன்று குவிந்திருப்பவற்றுக்குச் சாப்பிட உட்கார்ந்தவர் கண்ணுக்குத் தெரியும் அந்தச் சாய்வான கோணமே போதும். எது என்று தெரியாவிட்டால் மூன்றிலும் ஒவ்வொன்று எடுத்துப் பாருங்கள்.

தட்டு சின்னதாக இருக்கட்டும். பெரிய தட்டில் இரண்டு இட்லி அனாதையாகத் தெரியும். பூப்போட்ட மெலமைன் தட்டு, ஓரத்தில் தங்கக் கோடு ஓடும் தட்டு இவற்றைவிட ஒரே நிறத்தில் பளபளப்பில்லாத தட்டு நல்லது. கீழே விரிக்க மரப்பலகை, கோரைப்பாய், வெளிறிய பருத்திச் சேலை, சாக்கு எதுவும் சரி. கறுப்பு கிரானைட் மேடை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஜன்னல் அதில் கண்ணாடிபோல் விழும். செட்டிநாட்டு ஆத்தங்குடித் தரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இருந்தாலும் அதன்மேல் சாப்பாட்டை வைத்தால் கண் முதலில் தரையைத்தான் பார்க்கும். தரை ஒரு ஓரத்தில் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்வது உத்தமம்.

ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம்

இந்தப் பகுதியைத்தான் பொறுமையாகப் படிக்க வேண்டும். வெளிச்சம் எங்கும் போய்விடாது, காத்திருக்கும். சாப்பாடு காத்திருக்காது.

தோசை அடுப்பிலிருந்து இறங்கிய இரண்டு மூன்று நிமிஷத்தில் தொய்ந்துவிடும். அதனால் தோசை வருவதற்கு முன்பே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். முதல் தோசை பெரும்பாலும் கல்லில் ஒட்டிக்கொண்டு சரியாக வராது இல்லையா, அதைத் தட்டில் வைத்துக் கோணம், வெளிச்சம், சட்னிக் கிண்ணத்தின் இடம் எல்லாவற்றையும் முடிவு செய்யுங்கள். மூன்றாவது, நாலாவது தோசை நன்றாக முறுகி வரும்போது, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அதே இடத்தில் வைத்து உடனே எடுங்கள். முறுகலான முகம் வெளியே தெரிகிற மாதிரி மடியுங்கள். பொன்னிற வட்டங்கள் தெரியாத தோசை படத்தில் துணி மாதிரி இருக்கும்.

தேங்காய்ச் சட்னியை வழக்கத்தைவிடக் கெட்டியாக அரையுங்கள். வைத்த கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் தண்ணீர் பிரியும். கிண்ணத்தின் விளிம்பை ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

சாம்பாரில் வரும் சிக்கல், காய் எல்லாம் அடியில் போய்விடும், மேலே மஞ்சள் தண்ணீர் மட்டும் நிற்கும். கிண்ணத்துக்குள் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கவிழ்த்து வையுங்கள். அதன்மேல் அடிக்கரண்டியாக முருங்கைக்காயையும் சின்ன வெங்காயத்தையும் எடுத்து வைத்து, பிறகு சுற்றிலும் சாம்பாரை ஊற்றுங்கள். காய் மேலே நிற்கும். தாளிப்பைச் சாம்பாரில் முன்கூட்டியே கொட்டிவிடாதீர்கள். கொஞ்சம் கடுகு, கறிவேப்பிலை, வரமிளகாயைத் தனியாக எடுத்து வைத்து, கிண்ணம் ஜன்னலோரம் வந்தபின் தாளித்து மேலே ஊற்றுங்கள். கறிவேப்பிலை பச்சையாக மின்னுவது அந்த ஒரு நிமிஷம்தான். மல்லித்தழையும் அப்படியே. சூடான குழம்பில் பட்டதும் துவண்டுவிடும் என்பதால் அதைக் கடைசியில் தூவுங்கள்.

இட்லி வெளியே இருந்தால் மேல்தோல் காய்ந்து வெடிக்கும். எடுக்கும்வரை ஈரத்துணி மூடி வைத்திருங்கள். ஒன்றைக் கையால் பிட்டு வையுங்கள். கரண்டியால் வெட்டினால் உள்ளே இருக்கும் துளைகள் நசுங்கிப் போகும். வெள்ளைக்குப் பக்கத்தில் ஒரு நிறம் வேண்டும். அதற்கு நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியைவிட வேறென்ன?

வெண்பொங்கல் ஐந்து நிமிஷத்தில் இறுகிவிடும். கொதிநீர் கொஞ்சம் விட்டு இளக்கி, கடைசி நொடியில் உருக்கிய நெய் ஒரு கரண்டி ஊற்றுங்கள். ஆறிய பொங்கல் மேல் நெய் உறைந்து வெள்ளைத் திட்டாகத் தெரியும். பாயசத்தில் ஏடு படியும், எடுப்பதற்கு முன் ஒருமுறை கிளறிவிடுங்கள்.

பிரியாணியைத் தட்டில் அமுக்கி வைக்காதீர்கள். கரண்டிக் காம்பால் உதிர்த்து, மசாலா ஏறிய பருக்கையும் வெள்ளைப் பருக்கையும் கலந்து விழட்டும். ஒரு கறித்துண்டு முழுதாக மேலே இருக்க வேண்டும். சீரகச் சம்பா பிரியாணி என்றால் பருக்கை ரொம்பச் சின்னது. தூரத்திலிருந்து எடுத்தால் உப்புமா போலத் தெரியும். கொஞ்சம் கூடுதலாக ஜூம் செய்யுங்கள்.

மீன் குழம்பைச் சட்டியோடு எடுங்கள், கிண்ணத்துக்கு மாற்றினால் துண்டு உடைந்துபோகும். ஜன்னல் பதினொரு மணியில், வெளிச்சம் ஒரு படி கீழே, எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும் நேரம். பொரியலுக்குப் பச்சை முக்கியம். கடாயை மூடி வைத்தால் பீன்ஸ் நிறம் மங்கும். இறக்கியதும் எடுத்து, தேங்காய்த் துருவலைப் படத்துக்கு முன் தூவுங்கள்.

இவற்றோடு ஒரு வேண்டுகோள். வீட்டில் எல்லோரும் பசியோடு உட்கார்ந்திருக்கும்போது அவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடாதீர்கள். படத்துக்கு ஒரு சின்னப் பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மற்றவர்களுக்குப் பரிமாறச் சொல்லுங்கள். படம் எடுத்த பங்கை நீங்கள் சாப்பிடுங்கள். விளம்பரங்களில் செய்வதாகச் சொல்லும் தந்திரங்கள், கிளிசரின் தடவுவது, எண்ணெயைப் பூசி மினுக்குவது எதையும் நான் சொல்லித் தர மாட்டேன். வீட்டிலிருந்து சமைத்து விற்பவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். படத்தில் நாலு கறித்துண்டு தெரிந்தால் டப்பாவிலும் நாலு துண்டு இருக்க வேண்டும்.

ஒரு டம்ளர் காபி

காபியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் எல்லாச் சிக்கலும் இதில் ஒன்றாக வருகிறது. நுரை நிமிஷத்தில் அடங்கும், எவர்சில்வர் எதிரே இருக்கும் எல்லாவற்றையும் காட்டும், ஆவி வேண்டும்.

ஜன்னலைப் பதினொரு மணியில் வைத்துக்கொள்ளுங்கள். டபரா டம்ளருக்குப் பின்னால் இருண்ட பின்னணி வேண்டும். மரக் கதவோ, கரும்பச்சைச் சேலையோ, நாற்காலியில் போட்ட கறுப்புத் துணியோ எதுவானாலும் சரி. ஆவி வெள்ளை என்பதால் வெள்ளைச் சுவருக்கு முன்னால் அது காணாமல் போகும். காலியான டம்ளரை வைத்து முதலில் பாருங்கள். அதன் உடம்பில் நீங்கள், போன், ஜன்னல் எல்லாம் நீளநீளமாகத் தெரியும். ஒரு இருண்ட நிறச் சட்டை போட்டுக்கொண்டால் உங்கள் உருவம் பாதி மறையும். தெர்மாகோல் அட்டையை வலப்பக்கம் நிறுத்தினால் டம்ளரின் அந்தப் பக்கத்தில் ஒரே சீரான வெள்ளைப் பட்டை விழும், எவர்சில்வர் சுத்தமாகத் தெரியும். கும்பகோணத்துப் பித்தளை டபரா இருந்தால் வேலை இன்னும் எளிது. பித்தளையில் பிம்பம் விழுந்தாலும் மஞ்சள் நிறம் அதை உறுத்தாமல் ஆக்கிவிடும்.

டம்ளர் விளிம்பில் விரலை வைத்து அழுத்தி ஃபோகஸைப் பூட்டுங்கள். இப்போதுதான் காபி கலக்க வேண்டும். உதவிக்கு ஒருவர் இருந்தால் நல்லது. உயரத்திலிருந்து இரண்டு ஆற்று ஆற்றி, டம்ளரில் விளிம்புவரை விட்டு, குறித்த இடத்தில் வைத்ததும் வரிசையாகப் பத்துப் படம் எடுங்கள். முதல் நாலைந்தில் நுரை குமிழ்குமிழாக இருக்கும், பிறகு வெடித்துப் படியும். ஆற்றும் தாரையையே எடுக்க வேண்டுமென்றால் ப்ரோ மோடில், அதாவது கேமரா அளவுகளை நாமே மாற்றும் முறையில், ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை விநாடியில் 500இல் ஒரு பங்கு அல்லது அதைவிட வேகமாக வையுங்கள். அதற்கு நிறைய வெளிச்சம் தேவை, வாசல் திண்ணைதான் சரியான இடம்.

ஆவி வராவிட்டால் உங்கள் மேல் தப்பில்லை. காற்று சூடாக இருந்தால் ஆவி கண்ணுக்குத் தெரியாமலே கரைந்துவிடும். மே மாத மத்தியானத்தில் எவ்வளவு கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும் பெரிதாகத் தெரியாது. மார்கழிக் காலையில் எடுத்துப் பாருங்கள், தலைவாழை இலை அகலத்துக்கு எழும்பும்.

இலைச் சாப்பாடு

முழு இலையையும் மேஜையில் வைத்து மேலிருந்து எடுக்க ஸ்டூல் போட்டு ஏற வேண்டியிருக்கும். தரையில் பாய் விரித்து, வாசலையொட்டி இலையைப் போட்டால் நீங்கள் நின்றபடியே எடுத்துவிடலாம்.

நுனி சாப்பிடுபவரின் இடப்பக்கம் இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். படத்தில் அது தவறிவிடுவது எப்படியென்றால், எதிர்ப்பக்கம் நின்று எடுப்பதால். அப்போது நுனி வலப்பக்கம் வந்து, சாதமும் மேலே போய்விடும். வீட்டுப் பெரியவர்கள் பார்த்ததும் சொல்லிவிடுவார்கள். சாப்பிடுபவர் உட்காரும் பக்கம் நின்று எடுங்கள். திருத்தும்போது படத்தை இடவலமாகப் புரட்டிவிடவும் கூடாது.

இலையைக் கழுவியபின் துடைத்துவிடுங்கள், நின்ற தண்ணீர் பொரியலை ஊறவைக்கும். இலையின் மேல் வானம் வெள்ளையாக மின்னினால் இலையைக் கொஞ்சம் திருப்பி, ஜன்னலோ வாசலோ ஒன்பது மணிக்கு வருகிற மாதிரி வையுங்கள். கொதிக்கும் சோற்றை வைத்தால் இலை கருத்துப்போகும், சற்று ஆறவிடுங்கள். பொரியல், கூட்டு, ஊறுகாய் முதலில். சோறு அடுத்து. பருப்பு, நெய், அப்பளம் கடைசியில். அப்பளத்தை முன்னாலேயே வைத்தால் படம் எடுப்பதற்குள் நமத்துவிடும்.

ராத்திரி எடுத்தே ஆக வேண்டுமென்றால்

ஒரே ஒரு விளக்கு. மேஜை விளக்கை ஜன்னலாக நினைத்துப் பத்து மணி இடத்தில் வைத்து, அதற்கு முன்னால் இரண்டடி தள்ளி அதே வேட்டியைப் பிடியுங்கள். மற்ற எல்லா விளக்கும் அணைந்திருக்கட்டும். படத்தில் குறுக்கே கோடுகோடாக நிழல் ஓடினால் அது எல்இடியின் சிமிட்டல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி விநாடிக்கு 100 தடவை சிமிட்டும். ப்ரோ மோடில் ஷட்டரை 100இல் ஒரு பங்கு அல்லது 50இல் ஒரு பங்கு விநாடிக்கு மாற்றினால் கோடு போய்விடும்.

ஹோட்டலில் என்றால் மாலை நாலு மணி டிபன் நேரத்தில், ஜன்னலோர மேஜையாகப் பார்த்து உட்காருங்கள். பக்கத்து மேஜைக்காரர் முகம் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்வது மரியாதை.

எடுத்தபின்

படத்தைத் திருத்த ஸ்னாப்சீட் அல்லது மொபைல் லைட்ரூம் செயலி, எது கையில் இருக்கிறதோ அது போதும். முதலில் வெள்ளையைச் சரிபாருங்கள். சோறோ தயிரோ தட்டோ நீலமாக இருந்தால் கொஞ்சம் வெதுவெதுப்பாக்குங்கள், மஞ்சளாக இருந்தால் குளிர்ச்சியாக்குங்கள். அடுத்து மொத்த வெளிச்சம். அதற்கடுத்து நிழல் பகுதியைக் கொஞ்சம் தூக்கலாம். நிறத்தைக் கூட்டும் பட்டையை மட்டும் தொட்டதும் கையை எடுத்துவிடுங்கள். நம் சமையலில் மஞ்சளும் மிளகாயும் ஏற்கெனவே தூக்கல், இன்னும் கூட்டினால் சாம்பார் ஆரஞ்சு ஜூஸாகிவிடும். முடிந்தால் பண்டம் பக்கத்தில் இருக்கும்போதே திருத்துங்கள். அதையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியும்.

இன்ஸ்டாகிராமுக்கு 4க்கு 5 என்ற நெடுக்கு அளவில் வெட்டுங்கள். வாட்ஸாப்பில் யாருக்காவது நல்ல தரத்தில் அனுப்ப வேண்டுமென்றால் படமாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், சுருக்காமல் போகும்.

பழகத் தொடங்க நாளைக் காலையே நேரம். இரண்டு இட்லி, கொஞ்சம் மிளகாய்ப்பொடி, ஒரு ஜன்னல். தட்டை ஸ்டூலில் வைத்து, நீங்கள் அதைச் சுற்றி நகர்ந்து ஜன்னல் ஆறு, ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு என்று வருகிற மாதிரி நாலு படம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே தள்ளி இன்னொன்று. மொத்தம் எட்டுப் படம், ஐந்து நிமிஷ வேலை, இட்லியும் ஆறாது. எட்டையும் வரிசையாக வைத்து வீட்டில் சமைத்தவரிடம் காட்டி, எது அவர் ஊற்றிய இட்லி மாதிரி இருக்கிறது என்று கேளுங்கள். அவர் காட்டும் படத்தில் ஜன்னல் எங்கே இருந்தது என்று பார்த்து, அடுத்த தட்டை அங்கிருந்து தொடங்குங்கள்.